மென்று ஊட்டிய வாய்

சித்தி மறுபடியும் அந்தச் சத்தத்தைப் போட்டாள். மேல் பல் செட்டு ஈறைவிட்டு இறங்கி, நாக்கு அதைத் தூக்கி ஒட்டவைக்கும்போது வருகிற சத்தம், சகதியிலிருந்து செருப்பைப் பிய்த்தெடுப்பது போல. எண்ணக்கூடாது என்றுதான் தனசிங் உட்கார்ந்திருந்தான், ஆனால் இது பதினேழாவது. டூவிபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தப் பல் ஆஸ்பத்திரியில் இரும்பு நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். சித்தி அசைந்தால் அவன் இருந்த நாற்காலியும் அசைந்தது. ஸ்பிரிட்டும் கிராம்புத் தைலமும் கலந்த வாசனை, அதற்கு அடியில் இன்னொரு வாசனை. அது இந்த அறையின் வாசனையா, சித்தியிடமிருந்து வருகிறதா, தன்னுடையதேதானா என்று அவனுக்குத் தெரியவில்லை. தன் மூச்சைத் தானே முகர்ந்து பார்க்க முடியாதது மனிதனுக்குக் கிடைத்த வரம் என்று யாரோ சொல்லக்கூடும், அவனுக்கு அது தண்டனை. உள்ளங்கையைக் குவித்து ஊதிப் பார்ப்பான், புறங்கையை நக்கிக் காயவிட்டு முகர்ந்து பார்ப்பான், நாற்பத்தெட்டு வயதில், கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு. காலை பத்தரைக்கு அண்ணன் ஜெயசிங் சித்தியை வாசலில் இறக்கிவிட்டான், வண்டியைக்கூட அணைக்காமல். "லே தம்பி, உன் பல்லக் காட்டும்போது சித்தி செட்டையும் காட்டிரு. நான் அவ வீட்டுச் சாமானக் கட்டப் போறேன். வீட்டுக்காரன் இன்னைக்குச் சாவி கேக்கான். ஒரு மணிக்கு லோடு வண்டி கெளம்பிரும். பிரையண்ட் நகர்ல உன் வீட்டுக்கா, நாசரேத்துல அந்த முதியோர் இல்லத்துக்கா, ஒரு போன் போடு. இல்லத்துல இன்னைக்கு ஒரு நாள்தான் எடம் பிடிச்சி வச்சிருப்பாவளாம்." மதுரையில் அண்ணன் இருப்பது இரண்டு அறை, அதில் ஒன்றில் படுத்த படுக்கையாக அவன் மாமியார்; அவனைக் குறை சொல்ல வழியில்லை. இவனுக்கோ மூன்று படுக்கையறை, ஒற்றை ஆள். போன் சட்டைப் பையில் கனத்தது. அவன் மனதில் பதில் தயாராகத்தான் இருந்தது. நாசரேத். நல்ல காற்று, ஜெபக்கூட்டம், சித்தி வயதில் நாலு பேர் பேச்சுத் துணைக்கு. மூன்று நாளாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது. காரணம் மட்டும் அதில் இல்லை. காரணம் பதினெட்டாவது முறையாக அவன் பக்கத்தில் 'ச்ளப்' என்றது.

"ஏய்யா, வலிக்கா?" என்றாள் சாராள் சித்தி. இல்லை என்று தலையாட்டினான். "எனக்கு வலிச்சப்போ கிராம்ப வச்சிக் கடிச்சிக்கிட்டே கெடப்பேன். ஒரு மட்டம் மண்ணெண்ணெய்ல பஞ்ச நனச்சி வச்சி, தொண்ட வெந்துபோச்சி. அதுக்குப் பெறவுதான் சர்ச்சுல இலவச கேம்ப் போட்டாங்க. ஒரே நாள்ல பதினோரு பல்லு. வரிசயா உக்கார வச்சி, கோழி உரிச்ச மாரி." "மெதுவாப் பேசுங்க சித்தி." எதிர் நாற்காலியில் மகனை மடியில் வைத்திருந்த பெண் சிரித்தாள். சித்தி அவளைப் பார்த்துக் குரலைக் கொஞ்சமும் குறைக்காமல், "இவன் வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவம்மா. ரத்தம், எச்சி, பேச்சே ஆவாது இவனுக்கு" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

சுவரில் ஒரு படம். கடைவாய்ப் பல்லுக்குள் தொப்பி போட்ட புழு ஒன்று கடப்பாரையால் தோண்டிக்கொண்டிருந்தது. பொய். புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது. பெர்த் நகரத்துத் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் அமிலத்தோடும் சுண்ணாம்போடும் மாரடித்தவன் அவன்; குழாய்க்குள் படிந்த சுண்ணாம்பை லேசான அமிலம் எப்படிச் சத்தமில்லாமல் தின்னும் என்று தெரியும். வாய்க்குள் நடப்பதும் அதுதான். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் பல்லின்மேல் கூழ் மாதிரி ஒட்டிக்கொண்டு, நாம் தின்பதைத் தின்று, அமிலமாகக் கழிக்கின்றன. நம் பல்மேல் அவை மலங்கழிக்கின்றன என்றால் சரியாக இருக்கும். இதை நினைத்ததும் நாக்கு தானாகவே கீழ் வலதுபுறம் போயிற்று, அங்கே இருந்த பள்ளத்துக்கு. எத்தனை முறை விரட்டினாலும் குப்பைமேட்டுக்குத் திரும்புகிற நாய் மாதிரி அந்த நாக்கு. பள்ளத்தின் ஓரம் கூராக, உள்ளே மெத்தென்று. மெத்தென்று இருப்பதுதான் தாங்க முடியவில்லை. பல் என்பது கல் இல்லையா, கல்லுக்குள் எப்படி அழுகிய கொய்யா வந்தது? சரி, எல்லார் வாயிலும் அந்த உயிர்கள் இருக்கின்றன, எல்லாரும்தான் தின்கிறார்கள். அப்படியானால் அண்ணன்? அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கலர் பாட்டிலின் மூடியை இன்றும் கடைவாயில் வைத்துக் கடித்துத் திறக்கிறான். கரும்பைக் கணுவோடு கிழிக்கிறான். ஒரு பெட்டி மக்ரூன் இனிப்பை டிவி முன்னால் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்துவிட்டு, வாயைக்கூடக் கொப்பளிக்காமல் கொர் என்று தூங்குவான். விடிந்ததும் விரலில் பற்பொடி, நாலு இழுப்பு, முடிந்தது கதை. ஒரு சொத்தை கிடையாது. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே கிணற்றுத் தண்ணீர். தனசிங்கோ நாளைக்கு மூன்று தடவை தேய்க்கிறான், நூல் விட்டு இடுக்கெல்லாம் இழுக்கிறான், நீல மருந்தால் கொப்பளிக்கிறான், இருந்தும் முப்பது வயதுக்குள் ஆறு பல்லில் சிமெண்ட். தேவனுக்குக் கணக்குத் தெரியாது என்று அவனுக்குத் தோன்றிய முதல் இடமே வாய்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்டை எடுத்து, சித்தி பார்க்காதபடி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கினான். சப்ப மாட்டான், வைத்தால் அரை மணி நேரம் அது பாட்டுக்குக் கரையும். பக்கத்தில் யார் வந்தாலும் குளிர்ந்த வாசனை. ஷர்மிளாவோடு குடும்பம் நடத்திய பதினாறு வருடமும் இப்படித்தான். கிட்டே போனால் அவள் கன்னத்தைத்தான் காட்டுவாள். ஆரம்பத்தில் அதை வெட்கம் என்று நினைத்தான், பிறகு ஊர் வழக்கம் என்று, பிறகு களைப்பு என்று. ஒருநாள் லிப்டுக்குள் இருந்த கண்ணாடியில், அவன் பேசிக்கொண்டிருக்கையில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். மூக்கைச் சுளிக்கவில்லை. மரியாதையாக, தண்ணீருக்குள் முங்கியவள் மாதிரி, லிப்டு நிற்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மூச்சு அடக்கல் அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. பதினோரு வயதிலிருந்து அவனே செய்துவந்தது, சித்தி குனிந்து சோறு பரிமாறும்போதெல்லாம்.

அந்த டம்ளர். அதை நினைக்கவேண்டாம் என்றால் அதுதான் வரும். மே மாதத்து மத்தியானம், கிரிக்கெட் ஆடிவிட்டு ஓடிவந்தவன், அடுக்களை ஜன்னல் திண்டில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் இருப்பதைக் கண்டு அப்படியே எடுத்துக் கவிழ்த்தான். இரண்டு மடக்கு உள்ளே போனபின் ஏதோ வந்து மேலுதட்டில் இடித்தது. வழுவழுப்பாக. ஐஸ் என்றுகூட ஒரு நொடி நினைத்தான், ஐஸ் எப்படி வரும் அந்த வீட்டில். டம்ளரைத் தாழ்த்திப் பார்த்தால் இளஞ்சிவப்பு ஈறோடு ஒரு வரிசைப் பல் அவனைப் பார்த்துச் சிரித்தது. தண்ணீரில் சோற்றுத் துணுக்குகள் மிதந்தன. முருங்கைக் கீரையின் ஒரு இணுக்கு. அவன் குடித்த இரண்டு மடக்கில் என்னென்ன இருந்தது என்று முப்பத்தேழு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறான். சித்தி ஓடிவந்து முதுகைத் தடவ, அவள் கைமேலேயே வாந்தி எடுத்தான். அவள் பல் இல்லாத வாயோடு குனிந்து ஏதோ சொன்னாள், முகம் நடுவில் உள்வாங்கிக் கசங்கிய பை மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அவள் கையால் தண்ணீர் வாங்கியதில்லை. அதுவரை அவளை நீ, வா, போ என்றவன் எப்போது 'நீங்க'வுக்கு மாறினான் என்று நினைவில்லை, அதை அவளும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டாள். போன மாதம் காய்ச்சலில் ஒரு வாரம் அவன் வீட்டில் வந்து இருந்தபோது, ஒரு டம்ளரின் அடியில் ஆணியால் 'ச' என்று கீறி அலமாரியின் ஓரத்தில் தனியாக வைத்தான். காய்ச்சல் தொற்றும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மற்ற டம்ளர்கள் கழுவிய இடத்தில் அதைக் கழுவவில்லை. இந்தச் சீமையில் எந்தெந்தக் கடைகளில் யார் யாருக்கு இப்படித் தனி டம்ளர் வைத்தார்கள் என்று படித்தவன், பேசியவன், அயல்நாட்டு நண்பர்களிடம் வெட்கத்தோடு விளக்கியவன், சொந்த அலமாரியில் ஆணியை வைத்துக் கீறினான்.  இரண்டாம் நாளிலிருந்து அந்த டம்ளரைச் சித்தியே தேடி எடுத்துக்கொண்டாள்.

"தனசிங் சார், சாராள் அம்மா, ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்று வரவேற்பில் இருந்த பெண் கூப்பிட்டாள். அண்ணன் போனிலேயே இருவருக்கும் சேர்த்து ஒரே சீட்டாகப் பதிந்திருக்கிறான். அவனைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தார்கள்; சித்தி பக்கத்து ஸ்டூலில், கோயிலுக்கு வந்தவள் மாதிரி மடியில் கை வைத்து உட்கார்ந்தாள். டாக்டர் ஷிஃபானாவுக்கு முப்பது வயது இருக்கலாம், காயல்பட்டினத்துப் பேச்சு, முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும். விளக்கை இழுத்து அவன் வாய்க்குள் விட்டாள். அவ்வளவு வெளிச்சத்தில், அவ்வளவு கிட்டத்தில், ஒரு மனுஷி விரும்பி அவன் வாயைப் பார்ப்பது அவனைக் கூசச் செய்தது. முகமூடிக்குள் இவளும் மூச்சைப் பிடித்திருப்பாளோ? கண்ணாடியைச் செருகியவள் ஒரு நொடி நின்றாள். "மிட்டாய் இருக்கா சார் வாயில?" "பெப்பர்மிண்ட்." "எப்பவும் வச்சிருப்பீங்களா?" "வாசத்துக்காக." "ஒரு நாளைக்கு எத்தன?" "மூணு" என்றான். பதினைந்து. இடுக்கியால் அதை எடுத்துத் தட்டில் போட்டாள். பாதி கரைந்து, நூலாக எச்சில் இழுபட, ஏதோ உள்ளுறுப்பு மாதிரி அது கிடந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் பற்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்து எண்களைச் சொல்ல, உதவிக்கு நின்ற பெண் எழுதினாள். கூராக ஏதோ ஒன்று பள்ளத்துக்குள் இறங்கியபோது மண்டைக்குள் மின்னல் அடித்தது. "கீழ் வலது கடைசிக்கு முந்தினது இனிமே காப்பாத்த முடியாது சார். வேர் வரைக்கும் போயிருச்சு. எடுத்துரலாமா?" "எடுத்துருங்க." "மத்ததுல ஏழு எடத்துல ஆரம்பிச்சிருக்கு." கேட்கக்கூடாது என்று வந்தவன் கேட்டுவிட்டான். "ஏன் டாக்டர்? நான் மூணு வேள தேய்க்கிறேன். எங்க அண்ணன் ஒருத்தன் இருக்கான்..." அவள் சிரித்துவிட்டாள். "பல் டாக்டர்கிட்ட வர்ற எல்லாரும் ஒரு அண்ணன வச்சிருக்காங்க சார். என் வாப்பாகூட அப்படித்தான், அல்வாவுலயே வளர்ந்தாரு, அம்பத்தெட்டு வயசு, ஒரு ஓட்ட கிடையாது."

பிறகு அவள் சொன்னதெல்லாம் அவனுக்குப் பாதி தெரிந்ததுதான், ஆனால் தன்னோடு பொருத்திப் பார்க்காதது. சிலருக்குப் பல்லின் மேல் கோடுகள் ஆழம், துணுக்கு சிக்கிக்கொள்ளும். சிலருக்கு எச்சில் தாராளம். அமிலத்தை அடித்துக்கொண்டு போய்விடும், கரைந்த சுண்ணாம்பைக்கூடத் திரும்பப் பூசும். சிலருக்கு எச்சில் குறைவு, அல்லது வாயைத் திறந்து தூங்குவார்கள். "எவ்வளவு இனிப்புங்கிறத விட எத்தன தடவைங்கிறதுதான் முக்கியம் சார். உங்க அண்ணன் ஒரு பெட்டி மிட்டாய ஒரே தடவைல முடிச்சிருவாருன்னு வைங்க. அர மணி நேரம் அமிலம், பெறகு வாய் தன்னால சரியாயிரும். நீங்க ஒண்ணு கரைய கரைய அடுத்தத வைக்கிறீங்க. உங்க வாய்க்கு லீவே கிடையாது." தட்டில் கிடந்த மிட்டாயை அவன் பார்க்காமல் பார்த்தான். அமிலமும் சுண்ணாம்பும் படித்தவன். நாற்றத்தை மறைக்க வைத்தது நாற்றத்துக்குத் தீனியாயிற்று, இருபது வருடம், தன் கையாலேயே, ஒளித்து ஒளித்து. அவமானம் காதுவரை ஏறியது. அவள் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்டாள். "சின்னதுல உங்களுக்குச் சோறு ஊட்டுனது யாரு சார்? அம்மாவா? அவங்க பல்லு எப்படி? ஏன் கேக்கேன்னா, சொத்த உண்டாக்குற கிருமி பொறக்கும்போது பிள்ள வாயில இருக்காது. பல்லு மொளைக்கிற பருவத்துல இன்னொருத்தர் வாயில இருந்துதான் வரும்."

"நாந்தான் டாக்டர்" என்றாள் சித்தி ஸ்டூலிலிருந்து, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி. "இவங்க அம்ம ஏரல்ல நர்சு. சனிக்கெழம சனிக்கெழமதான் பஸ்ஸுல வருவா. பெரியவன ரெண்டு வருசம் லீவு போட்டு அவளே வளத்தா. இவன் பத்து மாசத்துலயே எங்கிட்ட வந்துட்டான். வத்தலும் தொத்தலுமா, ஒண்ணும் எறங்காது தொண்டையில. நாந்தான் மென்னு மென்னு குடுப்பேன்." "மென்னா பாட்டிம்மா?" "பாட்டியா? எனக்குக் கல்யாணமே ஆவல டாக்டர். சித்தி. ஆமா, மென்னுதான். சோறு, அவிச்ச பயறு, கடலமுட்டாய், எல்லாம் நல்லா மாவா மென்னு வெரல்ல எடுத்து அவன் நாக்குல தடவுவேன். குருவி மாரி வாயத் தொறப்பான். அம்மயத் தேடி அழுதாம்னா சில்லுக்கருப்பட்டிய என் வாயில போட்டு எளக்கி, மெல்லிசு சீலத் துணியில முடிஞ்சி, வாயில குடுத்துருவேன். சப்பிக்கிட்டே தூங்குவான். காலைல வர வாயிலயே கெடக்கும்." சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. டாக்டரின் கை ஊசியோடு நின்றது. கண்கள் தனசிங்கின் பக்கம் ஒருமுறை போய் வந்தன. "அப்போ உங்க பல்லு... நல்லா இருந்துச்சா சித்தி?" "எம் பல்லா? எனக்குப் பதினஞ்சு வயசுலயே அழுவ ஆரம்பிச்சாச்சே" என்றவள் அதோடு நிறுத்திவிட்டாள்.  "அப்போ எம் பல்லுதான் இவனுக்கு வந்துருக்கா டாக்டர்?" "அப்படி ஒரே காரணமுன்னு சொல்ல முடியாதும்மா, நெறைய இருக்கு..." "இல்ல, கேட்டேன்" என்றாள் சித்தி. ச்ளப்.

ஊசி ஈறில் இறங்கியது. நெருப்பாகப் பரவி, பிறகு மரத்தது. உதடு தடித்துத் தன்னுடையதல்லாததாக ஆயிற்று, யாரோ தன் உதட்டைக் கழற்றி அவன் முகத்தில் மாட்டிவிட்டது போல. யாருடையதோ ஏன், இப்போதுதான் தெரிந்துவிட்டதே. வாந்தி வரும் என்று நினைத்தான். டம்ளரில் குடித்த இரண்டு மடக்குக்காக முப்பத்தேழு வருடம் ஓங்கரித்தவன், அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே அவள் வாயை வேளாவேளைக்கு, விரல் விரலாக விழுங்கியிருக்கிறான். அழுகிய பற்களுக்கு நடுவே கடலைமிட்டாய் அரைபடுவது மிகக் கிட்டத்தில் தெரிந்தது; பாகும் எச்சிலும் பழுப்பாகக் குழைந்து, ஓட்டைகளுக்குள் புகுந்து வெளியே வந்து, விரல் நுனியில் எடுத்து, இந்தா ராசா, ஆ. அவன் ஆ என்று திறக்கிறான். இப்போது திறந்திருப்பது போலவே. உள்ளே போனவை போகவில்லை, குடியேறின. பேரப்பிள்ளையும் அதன் பேரப்பிள்ளையுமாகப் பெருகி, கடல் தாண்டிப் பெர்த்துக்குப் போய், ஷர்மிளாவை மூச்சடக்க வைத்து, விவாகரத்துப் பத்திரத்தில் அவன் கையெழுத்துப் போடும்போதும் உள்ளேயிருந்து பெப்பர்மிண்ட் தின்றுகொண்டிருந்து, அவனோடு விமானம் ஏறித் திரும்பி வந்திருக்கின்றன. சித்தியின் வாயில் இன்று ஒரு பல்கூட இல்லை. அவை ஒட்டி வாழ அங்கே இடமில்லாமல் போய் முப்பத்தேழு வருடம் ஆகிறது. சித்தியின் வாய் மிச்சம் இருக்கிற ஒரே இடம் அவன் வாய்தான். இதைத்தானா தனி டம்ளர் வைத்துக் காத்தோம்? அம்மாவின் மேல் கோபம் வந்தது, ஏரலின் மேல், வாரத்துக்கு ஒரே ஒரு சனிக்கிழமை இருப்பதன் மேல். அண்ணனுக்கு அம்மாவின் சுத்தமான வாய் கிடைத்தது. அவனுக்கு இது. "பெலமா அழுத்துறது தெரியும் சார், வலி இருக்காது." இடுக்கி பல்லைப் பிடித்தது. தாடையெலும்புக்குள்ளிருந்து நெறுநெறு என்று ஒரு சத்தம், காதுவழியாக இல்லை, உள்வழியாக. அந்தச் சத்தத்தோடு ஏனோ சித்தியைப் பெண் பார்க்க வந்த ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அவன் பார்த்ததா, அண்ணன் சொல்லிக் கேட்டதா, நிச்சயமில்லை. அவனுக்கு ஆறு வயது. மெஞ்ஞானபுரத்து வாத்தியார் ஒருவர், கூட நாலு பேர். சித்தியிடம் உதடு பிரிக்காமல் உட்கார வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். எது கேட்டாலும் தலையை ஆட்டு, மிச்சத்தை நாங்கள் பேசிக்கொள்கிறோம். கதவிடுக்கில் நின்ற பொடியன் தனசிங் வாத்தியாரைப் போலவே மீசையை நீவிக் காட்டியிருக்கிறான். சித்தி சிரித்துவிட்டாள். வாய் நிறைய, கறுப்பும் மஞ்சளுமாக. வந்தவர்கள் காப்பியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார்கள். பெர்த்தில் விருந்துகளில் இதைச் சிரிப்புக் கதையாக எத்தனை முறை சொல்லியிருக்கிறான், மீசையை நீவி நடித்தே காட்டியிருக்கிறான், பெப்பர்மிண்ட் கன்னத்தில் இருக்க. அன்றைக்கு அவள் யாரையும் அடிக்கவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு அவனைத்தான் முதலில் உட்காரவைத்தாளாம். நெறுநெறு என்பது சட்டென்று நின்றது. ஏதோ ஒன்று விட்டுப் போனது. வாய் முழுக்கச் சூடாக, இரும்புச் சுவையாக நிறைந்தது.

பஞ்சை மடித்து வைத்துக் கடிக்கச் சொன்னாள் டாக்டர். "ஒரு மணி நேரம் அழுத்திக் கடிங்க. பேசாதீங்க. முக்கியமா, துப்பவே கூடாது சார். துப்புனா கட்டி கழண்டு மறுபடி ரத்தம் வரும். எது ஊறுனாலும் அப்படியே முழுங்கிருங்க." அவன் தலையாட்டினான். துப்பாமல் இருப்பது. தொண்டைக்குழியில் வந்து நின்றதை விழுங்க முடியாமல் கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தான். இப்போது சித்தி நாற்காலியில் ஏறினாள். செட்டைக் கழற்றித் தட்டில் வைத்ததும் முகம் உள்வாங்கிற்று, அதே முகம், ஜன்னலோர முகம். அவன் பார்வையைத் திருப்பி அந்தப் புழுவின் படத்தைத் தேடினான், அது வெளியறையில் இருந்தது. "ஈறு கரைஞ்சிருச்சும்மா, அதான் செட்டு நிக்க மாட்டேங்குது. புதுசாத்தான் செய்யணும். வாரத்துக்கு ஒரு நாள், நாலு தடவ வரணும். நடுவுல புண்ணு வந்தா அன்னைக்கே வரணும். யாரு கூட்டிட்டு வருவா?"  பல் இல்லாமல் பேசக் கூச்சப்படுகிறவள் போலச் சித்தி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து, காற்றுப் போகிற குரலில், டாக்டரிடம் இல்லை, அவனிடம் சொன்னாள். "நாசரேத்துல இருந்து பஸ்ஸு உண்டுல்லா. நானே வந்துருவேன். அங்க ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு தம்ளராம், ஜெயசிங்கு சொன்னான். அதுதான் நல்லது. யாருக்கும் தொந்தரவு இல்ல." அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆணி, 'ச', அலமாரி ஓரம், நாசரேத்து வாக்கியம், எல்லாம். உதவிக்கு நின்ற பெண் படிவத்தை நீட்டினாள், நோயாளி பெயர் எழுதியிருந்தது, உடன் வருபவர் என்ற இடமும் முகவரியும் காலியாக இருந்தன. மணி பன்னிரண்டு ஐம்பது. தனசிங் பேனாவை வாங்கினான். நினைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தான் என்று சொல்ல முடியாது, நாக்கு பள்ளத்துக்குப் போவது போலக் கை போயிற்று. பிரையண்ட் நகர், கதவு எண், தன் போன் எண். உறவுமுறை என்று கேட்டிருந்த இடத்தில் மகன் என்று எழுதத் தொடங்கி, அது கொஞ்சம் நாடகமாகப் பட்டதால் அடித்துவிட்டு, அக்கா மகன் என்று எழுதினான். போனை எடுத்து அண்ணனுக்கு 'என் வீட்டுக்கு' என்று மட்டும் தட்டி அனுப்பினான். மறுநொடியே பதில் வந்தது. 'பாய எடுக்கவா, கட்டில் இருக்கா?' கட்டில் இருக்கு என்று அனுப்பினான்.

பல் பிடுங்க வருவதால் காரை அவன் வீட்டிலேயே விட்டு வந்திருந்தான். ஆட்டோவில் ஏறியதும் சித்தி கையை நீட்டினாள். "பல்லக் குடுத்தாங்கல்லா? கொண்டா பாப்பம்." டாக்டர் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்ததை அவன் தூக்கிப் போடத்தான் இருந்தான். அவள் பிரித்து, வெயிலில் காட்டி, விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழுப்பாக, வேரில் ஒரு துணுக்குச் சதையோடு, நடுவில் மிளகு கொள்கிற அளவுக்குக் குழி. அவன் பார்க்கமுடியாமல் பார்த்தான். "எனக்கும் இந்த எடத்துலதான் மொதல்ல குழிஞ்சது. கொஞ்சங்கூட மாறல பாரு" என்றாள். செட்டை மாட்டாமல் அவள் பேசிய எல்லாமே காற்றோடு வந்தது, காற்றோடு அந்த வாசனையும் வந்தது. "பால் பல்லு விழுந்தப்போ சாணியில பொதிஞ்சி ஓட்டு மேல எறிய வச்சேன், ஞாவம் இருக்கா? இது மொளைக்காது. எறிஞ்சி என்ன செய்ய." காகிதத்தை மறுபடி மடித்து, தன் பிளாஸ்டிக் பர்சுக்குள் வைத்தாள். அதே பர்சுக்குள் விட்ட அதே விரல்களால் ஒரு துண்டுச் சில்லுக்கருப்பட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கன்னங்கள் உள்ளே போய் வெளியே வந்தன. கருப்பட்டி இளகுவது தெரிந்தது. உதட்டோரம் பழுப்பாக ஒரு கோடு இறங்க, அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அந்தக் கையையே அவன் முழங்காலில் வைத்தாள். அவனுக்கு உடம்பெல்லாம் குறுகியது. இத்தனை தெரிந்தபிறகும் அது ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை, அப்படியே இருந்தது, பதினோரு வயதில் இருந்த அதே அளவுக்கு. "வலிச்சாச் சொல்லு. கஞ்சியாக் கொழைய வச்சித் தாரேன், மெல்ல வேண்டாம்" என்றாள் சித்தி, அவன் முகத்துக்கு நேரே. மூச்சைப் பிடிக்கப் போனவன் பிடிக்காமல் விட்டான். பஞ்சைக் கடித்தபடி தலையாட்டினான். அடிநாக்கில் சூடாக ஏதோ ஊறிக்கொண்டிருந்தது, ரத்தமோ எச்சிலோ. ஆட்டோக்காரர் வளைவில் ஒடித்துத் திருப்பினார். தனசிங் அதை விழுங்கினான்.